வீட்டில் கட்டும் விமானமும் வீட்டில் சுற்றும் வெடியும்

'வீட்டிலேயே செய்தது' என்ற வார்த்தைக்கு அமெரிக்காவில் ஒரு அர்த்தம். விருதுநகர் மாவட்டத்தில் வேறொரு அர்த்தம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1953ல் தொடங்கப்பட்ட இ.ஏ.ஏ. என்ற விமான ஆர்வலர் சங்கம், 1970லிருந்து தன் வருடாந்திரத் திருவிழாவை அங்கேதான் நடத்துகிறது (கொரோனா வந்த 2020ல் மட்டும் நடக்கவில்லை). கார் ஷெட்டில், மாட்டுக் கொட்டகையில், வீட்டுப் பின்கட்டில் சொந்தக் கையால் கட்டிய விமானங்களை ஓட்டிக்கொண்டு ஜனங்கள் அங்கே வந்து இறங்குகிறார்கள். டாக்டர், வாத்தியார், மெக்கானிக் என்று எல்லா வேலைக்காரர்களும் உண்டு. அங்கே 'வீட்டில் செய்தது' என்றால் பெருமை.

இங்கே? சாத்தூர், வெம்பக்கோட்டை, தாயில்பட்டி பக்கத்துச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். 'வீட்டில் அனுமதியின்றி பட்டாசு தயாரித்தபோது' என்று தொடங்கினால், அந்தச் செய்தி எப்படி முடியும் என்று படிக்காமலே சொல்லிவிடலாம். இங்கே 'வீட்டில் செய்தது' என்றால் பயம்.

இரண்டும் கைவேலைதான். இரண்டிலும் நேரமும் சூடும் தப்பினால் பொருளே கெட்டுப்போகிற ரசாயனம் இருக்கிறது. இரண்டிலும் உயிர் போகும். பிறகு எங்கே வித்தியாசம்? அமெரிக்காக்காரன் படித்தவன், நம்ம ஊர்க்காரன் படிக்காதவன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது பொய். அந்த விமானங்களில் பயன்படும் ஒரு பொருளைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்தால் உண்மையான வித்தியாசம் தெரியும். அந்தப் பொருளின் பெயர் ப்ரீப்ரெக்.

பாக்கெட் இட்லி மாவு

ஃபைபர்கிளாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர்த் தொட்டி, மீன்பிடிப் படகு, பஸ்ஸின் முன்முகப்பு எல்லாம் அதில் செய்கிறார்கள். கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்துத் துணியாக நெய்கிறார்கள். அதன் மேல் ரெசின் என்ற பிசினைத் தடவி, அது இறுகியதும் கெட்டியான பலகை மாதிரி ஆகிவிடும். பலம் இழையில் இருக்கிறது. இழைகளை ஒன்றாகப் பிடித்து வைப்பது ரெசின்.

இதை இரண்டு விதமாகச் செய்யலாம். முதலாவது ஈரமுறை. ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் டப்பாவில் எடை போட்டுக் கலந்து, துணியின் மேல் ஊற்றி, பிரஷ்ஷாலும் ரப்பர் தகட்டாலும் தேய்ப்பது. அரிசி உளுந்தை ஊறப்போட்டு வீட்டிலேயே அரைக்கிற மாதிரி. அளவு கை பார்த்ததுதான்.

இரண்டாவது ப்ரீப்ரெக். தொழிற்சாலையிலேயே, ஹார்டனர் கலந்த எபாக்ஸி ரெசினைச் சரியான அளவில் துணிக்குள் ஏற்றி, பாதி வினை நடந்த நிலையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் தாள் ஒட்டிச் சுருளாகச் சுற்றி அனுப்பிவிடுவார்கள். கடையில் வாங்கும் பாக்கெட் இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அரைத்தாயிற்று, உப்புப் போட்டாயிற்று. இனி ஊற்றி வேகவைக்க வேண்டியதுதான். வெளியே வைத்தால் பொங்கிப் புளித்துவிடும், அதனால் ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். அதே கதைதான் இங்கேயும். ப்ரீப்ரெக்கைப் பொதுவாக மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரைதான் ஆயுள். ஃப்ரீசரை விட்டு வெளியே எடுத்தால் ரகத்தைப் பொறுத்துச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை. அதற்குள் அச்சில் அடுக்கி, பிளாஸ்டிக் உறையால் மூடி, காற்றை உறிஞ்சி எடுத்து, அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். வழக்கமான ரகங்களுக்கு 120 டிகிரி, சிலவற்றுக்கு 180 டிகிரி சூடு.

இவ்வளவு தொல்லை எதற்கு? எடைக்குத்தான். கையால் தடவும்போது துணியின் எடைக்குச் சமமாக ரெசின் சேர்வது சகஜம். 10 கிலோ துணி என்றால் 10 கிலோ ரெசின். ப்ரீப்ரெக்கில் மொத்த எடையில் 35 முதல் 40 சதவீதம்தான் ரெசின். அதாவது 10 கிலோ துணிக்கு 6 கிலோ போல. மிச்சமான 4 கிலோ வெறும் பாரம். படகுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆனால் விமானத்தில் அந்த 4 கிலோ, கூடுதலாக ஏற்றக்கூடிய பெட்ரோல்.

வீட்டில் கட்டுகிறவர்கள் உண்மையில் எதைப் பயன்படுத்துகிறார்கள்?

இங்கே ஒரு தவறான நினைப்பைத் திருத்திவிட வேண்டும். வீட்டில் விமானம் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ப்ரீப்ரெக்கைக் கையால் தொடுவதே இல்லை.

வீட்டில் கட்டும் ஃபைபர்கிளாஸ் விமானம் என்றால் முதலில் வரும் பெயர் பர்ட் ரூட்டான். அவருடைய வாரி ஈஸி விமானம் 1975ல் பறந்தது. அடுத்த வருடமே அதன் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம் என்று ஆனது. 1979ல் லாங் ஈஸி வந்தது. ரூட்டானின் வழி எளிமையானது. ஸ்டைரோஃபோம் கட்டியைச் சூடான கம்பியால் இறக்கை வடிவில் அறுத்து, அதன் மேல் கண்ணாடித் துணியைப் போட்டு ஈரமுறையில் ரெசின் தடவுவது. அச்சு வேண்டாம், அடுப்பு வேண்டாம், ஃப்ரீசர் வேண்டாம். அறையின் வெப்பத்திலேயே இறுகிவிடும். அந்த ஸ்டைரோஃபோம் இறக்கைமேல் ப்ரீப்ரெக்கைப் போட்டு 120 டிகிரி அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் ஃபோம் அதற்கு முன்பே இளகி உருக்குலைந்துவிடும். அந்த வழிக்கு இந்தப் பொருள் ஒத்துவராது.

ப்ரீப்ரெக் வந்தது கிட் தயாரிப்பவர்கள் வழியாக. 1980களில் வந்த லேன்கேர் கிட்களில் ப்ரீப்ரெக் கண்ணாடித் துணிக்கு நடுவே நோமெக்ஸ் தேன்கூடு வைத்து, தொழிற்சாலை அடுப்பிலேயே வேகவைத்து, ஓடு ஓடாக அனுப்பினார்கள். (நோமெக்ஸ் தேன்கூடு என்பது சூடு தாங்கும் ஒரு வகைக் காகிதத்தில் செய்தது. குழாய் சுற்றிப் பழகிய சிவகாசிக்காரர்களுக்குக் காகிதத்தின் பலத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.) வாங்குகிறவர் அந்த ஓடுகளை வீட்டில் வைத்து ஈரமுறை எபாக்ஸியால் ஒட்டிச் சேர்க்கிறார். கடினமான, சூடும் நேரமும் தப்பக்கூடாத வேலை தொழிற்சாலையில். பொறுமை வேண்டிய, நிதானமாகச் செய்யக்கூடிய வேலை வீட்டில். இந்தப் பிரிவினை முக்கியம். பின்னால் சிவகாசிக்கு வரும்போது தேவைப்படும்.

விதிவிலக்குகளும் உண்டு. 1986 டிசம்பரில் எங்கேயும் இறங்காமல், வழியில் எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றி வந்த வாயேஜர் விமானம் ஒரு சின்னக் குழு கட்டியதுதான். கார்பன் இழை ப்ரீப்ரெக்கும் தேன்கூடும் வைத்து அடுப்பில் சுட்டெடுத்தார்கள். எடை குறைய வேண்டும் என்ற கட்டாயம் அப்படி.

இந்தியாவில்

நம் நாட்டில் இந்த வித்தை இல்லாமல் இல்லை. பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம், என்.ஏ.எல்., இரண்டு பேர் உட்காரும் ஹன்சா பயிற்சி விமானத்தை முழுக்க இழைக்கலவையில் செய்தது. ஹன்சா 3 ரகத்துக்கு 2000ல் சான்றிதழ் கிடைத்தது. நம் ஓசூர் பக்கம் இருக்கும் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்கும் அதன் தயாரிப்பில் பங்கு உண்டு. புதிய ஹன்சா என்.ஜி. 2021 செப்டம்பரில் முதலில் பறந்தது. 2001ல் முதலில் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் இழைக்கலவை. கார்பன் ப்ரீப்ரெக்கை ஆட்டோகிளேவ் என்ற ராட்சத பிரஷர் குக்கரில் வேகவைத்துச் செய்வது.

தனி ஆட்களும் இருக்கிறார்கள். மும்பையின் அமோல் யாதவ், விமானியாக வேலை பார்த்துக்கொண்டே, அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2016ல் மும்பை 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. பதிவு எண் கிடைத்தது 2017ல். விமானத்தைக் கட்டியதைவிட, காகிதம் வாங்கியதுதான் பெரிய சாகசம் என்று அந்தக் கதையைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

தமிழ்நாட்டிலும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று ஒன்றை 2019 ஜனவரியில் தொடங்கினார்கள். சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள். விருதுநகர் அதில் இல்லை. ட்ரோன், காற்றாலை இறக்கை, விமான பாகம் என்று இழைக்கலவை வேலை வளர்ந்தால், சீக்கிரமோ தாமதமோ அதில் ஒரு துண்டு தெற்கேயும் வரும். கைத்திறனும் குறைந்த கூலியும் இருக்கும் இடத்துக்கு வேலை தானாக வரும். அது வணிகவியலின் பாலபாடம். கேள்வி, எந்த விதத்தில் வரும் என்பதுதான்.

விருதுநகரில் ஒரு சுருள் ப்ரீப்ரெக்

விருதுநகர் பக்கம் யாரோ ஒருவர் ஒரு சுருள் வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம்.

சென்னையிலிருந்து அது உலர்பனி போட்ட பெட்டியில் வர வேண்டும். லாரி கோவில்பட்டி ரோட்டில் ஒரு மதியம் நின்றுவிட்டால் அந்த மணிநேரம் சுருளின் ஆயுளில் கழியும். வந்து சேர்ந்ததும் ஃப்ரீசர். கரண்ட் போனால் ஜெனரேட்டர். 2012ல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணிநேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அந்த நிலைமை இல்லை. ஆனால் மாதப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் போகும் நாள் இன்றும் உண்டு.

வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடவும் கூடாது. உறையோடு வைத்து, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத் துணிமேல் ஈரம் படியும். அந்த ஈரம் அடுப்பில் ஆவியாகி உள்ளே குமிழி விடும். வெளியே பார்க்கத் தெரியாது.

பிறகு வெயில். கம்பெனிக்காரர் 'வெளியே 10 நாள் தாங்கும்' என்று சொல்வது ஏசி போட்ட 21 டிகிரி அறைக்கு. பத்து டிகிரி கூடினால் வினையின் வேகம் தோராயமாக இரண்டு மடங்காகும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. சித்திரை மாதத்து 38 டிகிரியில் அந்த 10 நாள் மூன்று நாளாகச் சுருங்கிவிடும். ஆக ஏசி அறையும் வேண்டும்.

ஃப்ரீசர், ஏசி, ஜெனரேட்டர், வேக்யூம் பம்ப், அடுப்பு. எல்லாமே நிலையான செலவு. ஒரே ஒரு விமானத்துக்காக இத்தனையும் போடுகிறவருக்கு லாபம் என்ற பேச்சே கிடையாது. ஆகவே தனியாள் ஒருவர் ஊரில் விமானம் கட்ட ஆசைப்பட்டால், அவருக்கு ஈரமுறைதான் சரி. ப்ரீப்ரெக் ஒரு பொதுக்கூடத்துக்கு உரிய பொருள். பத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு குளிர் அறையும் ஒரு அடுப்பும் வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்காது.

இதுவரை சொன்னது பணம். இனிமேல் சொல்வதுதான் விஷயம்.

சரக்குப் பதிவேடு

ப்ரீப்ரெக் வேலையில் முதலில் வாங்க வேண்டிய கருவி ஒரு நோட்டு. சுருளின் பேட்ச் நம்பர், வந்த தேதி, காலாவதி தேதி. அதன் கீழே வரிசையாக: எத்தனை மணிக்கு ஃப்ரீசரிலிருந்து எடுத்தது, எத்தனை மணிக்குத் திரும்ப வைத்தது, இதுவரை வெளியே இருந்த மொத்த மணிநேரம் எவ்வளவு, எந்த பாகத்துக்கு வெட்டியது, யார் அடுக்கியது, அடுப்பு எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் எரிந்தது. பி.காம். முதல் வருடத்தில் சொல்லித்தரும் சரக்கிருப்புப் பதிவேடுதான். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். ஒரே வித்தியாசம், இங்கே சரக்கு அளவில் மட்டும் குறைவதில்லை. அலமாரியில் இருக்கும்போதே வயதாகிறது.

இப்போது பட்டாசு அறைக்குள் வாருங்கள். அங்கேயும் வயதாகிற சரக்கு இருக்கிறது. கலந்த மருந்து. அலுமினியப் பவுடர் கலந்த கலவையில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சம் வைக்கக்கூடாது என்பது தொழிலாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். முந்தின நாள் மிச்ச மருந்தைக் காலையில் தொட்டபோது வெடித்தது என்று எத்தனை செய்திகள்! ப்ரீப்ரெக் கெட்டால் ஒரு பாகம் வீண். மருந்து கெட்டால் ஓர் ஆள்.

அப்படியென்றால் எது கண்டிப்பான பதிவேட்டைக் கேட்கிறது? மருந்துதான். எதற்கு உண்மையான பதிவேடு இருக்கிறது? துணிக்கு.

'பட்டாசு ஆலைகளில் ரிஜிஸ்டர் இல்லையா?' என்று கேட்பார்கள். இருக்கிறது. லைசென்ஸ் இருக்கிறது, வெடிபொருள் விதிகள் இருக்கின்றன, ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்ற அளவு இருக்கிறது. அதெல்லாம் இருந்தும் 2012 செப்டம்பர் 5ம் தேதி முதலிப்பட்டியில் 38 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12ம் தேதி அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். அளவுக்கு மீறிய ஆள், அளவுக்கு மீறிய மருந்து, உள்குத்தகை என்று ஒவ்வொரு முறையும் அதே காரணங்கள் பேசப்பட்டன. ஆகவே நோட்டு இருந்தால் மட்டும் போதாது. அந்த நோட்டு யாருக்காக எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விமானம் கட்டுகிறவர் தன் நோட்டில் பொய் எழுதுவாரா? எழுதலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அந்த இறக்கையை நம்பி முதலில் மேலே போகப்போவது அவரேதான். அமெரிக்கச் சட்டப்படி, வேலையில் பெரும்பகுதியைப் படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தானே செய்திருந்தால்தான் அது 'வீட்டில் கட்டிய' விமானம். உள்ளே ஏறும் இடத்தில் 'பரிசோதனை விமானம்' என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும். கூட வருகிறவர்கள் படிக்கும்படி தனி எச்சரிக்கையும் ஒட்ட வேண்டும். முதல் பல மணிநேரம் பயணிகள் இல்லாமல், குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும் பறந்து சோதிக்க வேண்டும். செய்கிறவர், எழுதுகிறவர், ஆபத்தைச் சுமக்கிறவர் எல்லாம் ஒரே ஆள்.

பட்டாசில் இது மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. செய்கிறவர் ஒருவர், ரிஜிஸ்டர் எழுதுகிறவர் இன்னொருவர், லைசென்ஸ் மூன்றாமவர் பெயரில். நடுவில் காண்ட்ராக்டர், உள்குத்தகைக்காரர். ஆபத்து மட்டும் முழுசாக முதல் ஆள் தலையில். ரிஜிஸ்டர் ஆபீசருக்காக எழுதப்படுகிறது. ஆபீசர் அந்த அறைக்குள் மருந்து செலுத்தப்போவதில்லை. பிறகு அதில் உண்மை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இதோடு கூலி முறையும் சேர்கிறது. இத்தனை குரோஸுக்கு இத்தனை ரூபாய் என்று எண்ணிக்கைக்குக் கூலி. அவசரப்படுகிறவருக்கு அதிகக் கூலி, நிதானமாகச் செய்கிறவருக்குக் குறைந்த கூலி. ப்ரீப்ரெக் அடுக்குகிற ஆளுக்கு 'எத்தனை அடுக்கு போட்டாயோ அத்தனை ரூபாய்' என்று சொல்லிப் பாருங்கள். நடுவே காற்றுக் குமிழியை நிறுத்தித் தேய்த்து எடுப்பாரா? தாளை உரித்தாரா என்று இரண்டாம் முறை பார்ப்பாரா? (அந்தத் தாள் உள்ளேயே தங்கிவிட்டால் அந்த இடத்தில் ஒட்டே இருக்காது.) நேரத்தைக் கவனிக்க வேண்டிய பொருளை, நேரத்தைத் திருடச் சொல்லும் கூலியோடு சேர்க்கக்கூடாது.

எதிர்வாதங்கள்

'வீட்டில் கட்டும் விமானங்கள் விழுவதே இல்லையா?' விழுகின்றன. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012ல் வெளியிட்ட ஆய்வே, எண்ணிக்கைக்கு மீறிய அளவில் அவை விபத்துக்குள்ளாகின்றன என்றது. ஆனால் அந்த ஆய்வு பெரிய காரணங்களாகச் சொன்னவை இன்ஜின் கோளாறும் பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும்தான். பதிவேடு எல்லா ஆபத்தையும் தடுக்காது. தெரிந்தே விழுந்த குழியில் மறுபடி விழாமல் தடுக்கும். விபத்து நடந்தால் காரணத்தைத் தேடி எடுத்து எல்லோருக்கும் சொல்லும் பழக்கமும் அங்கே இருக்கிறது. இங்கே ஃபோர்மேன் கைது, நிவாரணத் தொகை, அடுத்த விபத்து.

'எண்ணிக்கைக் கூலியைத் தொழிலாளர்களே விரும்புகிறார்களே?' உண்மை. விடியற்காலையில் வந்து சீக்கிரம் முடித்துவிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போகலாம். வெயில் ஏறுமுன் முடிப்பது நல்லதும்கூட. அதை மொத்தமாக ஒழிக்கச் சொல்லவில்லை. குழாய் சுற்றுவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எண்ணிக்கையில் இருக்கட்டும். மருந்து கலப்பதும் செலுத்துவதும் நாள் கூலிக்கு வர வேண்டும், மத்தியான வரவை இழக்காத அளவுக்கு. லேன்கேர்காரர்கள் செய்த அதே பிரிவினைதான் இது.

'பட்டாசுக்காரனுக்கு விமானம் எதற்கு?' இந்தக் கேள்விக்கு ஊரின் சரித்திரமே பதில். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்து 1923ல் தொழில் தொடங்கியபோது, சிவகாசிக்குத் தீப்பெட்டி எதற்கு என்று யாராவது கேட்டிருப்பார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சுத்தொழில் வந்தது. பிறகு பட்டாசு வந்தது. 2018ல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போட்டு, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்று சொன்ன பிறகு, இன்னும் எத்தனை தலைமுறைக்குப் பட்டாசு சோறு போடும் என்று ஊரே யோசிக்கிறது. புதிய தொழிலைத் தேடுவதில் தப்பே இல்லை.

தப்பு, பழைய முறையை அப்படியே புதிய தொழிலுக்குக் கொண்டுபோவதில் இருக்கிறது. தீப்பெட்டி ஒட்டும் வேலை வீடு வீடாகப் போனது. அதோடு குழந்தைகளின் கைக்கும் போனது. பட்டாசு வேலையில் ஒரு பகுதி சட்டத்துக்கு விரோதமாக வீட்டுக்குள் போனது. நாளைக்கு ஃபைபர்கிளாஸ் வேலை வந்தால் அதுவும் 'அட்டைக்கு இத்தனை ரூபாய்' என்று வீட்டுத் திண்ணைக்குப் போகும் அபாயம் இருக்கிறது. எபாக்ஸி வெடிக்காது. ஆனால் கையுறை இல்லாமல் தொட்டுக்கொண்டே இருந்தால் தோலில் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் கொப்பளிக்கும். இறுகிய ஃபைபர்கிளாஸைத் தேய்க்கும்போது வரும் தூள் கண்ணையும் மூச்சையும் பிடிக்கும். டப்பாவில் அதிகமாகக் கலந்து மறந்துவிட்ட ரெசின் தானே கொதித்துப் புகைவிடும். சோறு ஆக்கும் வீட்டில், பிள்ளை தவழும் தரையில் வைத்துச் செய்கிற வேலை அல்ல அது.

ஆகவே

மூன்று காரியங்கள் போதும். ஒன்று, இழைக்கலவை வேலை இந்த மாவட்டத்துக்கு வந்தால் அது பொதுக்கூடத்துக்குத்தான் வர வேண்டும். குளிர் அறையும் அடுப்பும் காற்றோட்டமும் உள்ள கூடம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலையாக ஒரு நாளும் கூடாது. இரண்டு, பட்டாசில் மருந்து தொடும் வேலைக்கு நாள் கூலி. மூன்று, ஒவ்வொரு கலவைக்கும் ஓர் அட்டை. எத்தனை மணிக்குக் கலந்தது, எவ்வளவு, எத்தனை மணிக்குத் தீர்ந்தது, மிச்சம் பூஜ்யமா. தமிழில், அறைக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படும்படி. எழுத வேண்டியது ஆபீஸ் ரூமில் இருக்கும் கணக்குப்பிள்ளை அல்ல, அந்த அறைக்குள் போகிற ஆள். மிச்சம் என்று எழுதியிருந்தால் மறுநாள் உள்ளே போக மாட்டேன் என்று சொல்லும் உரிமையும், அப்படிச் சொன்னால் அன்றைய கூலி போகாது என்ற உறுதியும் அவருக்கு வேண்டும். இந்த உறுதி இல்லாவிட்டால் அட்டையும் இன்னொரு ரிஜிஸ்டர்தான்.

இதற்குப் புதிய தொழில்நுட்பம் வேண்டாம். ஓர் அட்டை, ஒரு பேனா, ஒரு கடிகாரம் போதும். அட்டை அச்சடிக்கச் சிவகாசிக்கு வெளியூர் போகவும் வேண்டாம். ஒரு முழத் துணி ஃப்ரீசரை விட்டு எத்தனை மணிநேரம் வெளியே இருந்தது என்று மனிதனால் கணக்கு வைக்க முடிகிறது. மருந்து அறைக்குள் போன ஆளுக்கும் அதே கணக்கை வைக்கலாம்.